இணைக்காத லைன்

போன் ஒயரைக் கங்கா இன்னும் மோடத்தில் செருகவே இல்லை. அது அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் மோடத்தின் பச்சை விளக்கு, அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல விட்டு விட்டு மின்னியது.

ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறை. மெஷின்கள் ஓடாத அந்த மதியத்தில், சன்னலே இல்லாத சர்வர் அறைக்குள் ஏசியின் இரைச்சலும், சூடான பிளாஸ்டிக் வாடையும், பின்கழுத்தில் ஈரத்துணி போட்டதுபோல் இறங்கும் குளிரும் மட்டுமே இருந்தன. நெட்வொர்க் படுத்துவிட்டாலும் மறைமலை நகர் அலுவலகத்திலிருந்து போன் லைன் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து சரிசெய்யத்தான் கங்கா பொருத்த வந்த இந்த மோடம். இனி இந்த அறையில் ஆள் உட்கார வேண்டாம். இதுவரை உட்கார்ந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சர்வர் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது. ஒற்றை விரலால் தட்டுவதுபோல, மெதுவாக.

கதவ தொற.

மறைமலை நகரில் இருந்த மேலாளர் ரகுபதியைச் செல்போனில் அழைத்தாள். "சார், லைன் வழியா சர்வர் உள்ள வந்துட்டீங்களா?"

"இன்னும் டயலே பண்லமா. இன்னா ஆச்சு?"

திரையில் அடுத்த வரி ஓடியது: மூச்சு முட்டுது. கதவ தொற.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற வாட்ச்மேன் நடேசன் எட்டித் திரையைப் பார்த்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"போன வருசம் நெருப்பணைக்கிற கேஸு தானா தொறந்துக்கிச்சும்மா. கதவு பூட்டிக்கிச்சு. உள்ள கொம்பையா, இந்த ரூம்ல வேல பாத்தவன், தெக்கத்தி ஆளு. வெளிய வுழுந்து செத்தான்னு எழுதிக்கினாங்க. நாந்தான் தூக்கினு போயி கேட்டாண்ட போட்டேன்." முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் போய்விட்டார்.

செல்போனில் ரகுபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கங்கா, அத்தினியும் அழிச்சுட்டு கெளம்பு."

"அழிக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். அவர் எங்க செத்தாருன்னு அவரே எழுதியிருக்காரு."

அழைப்பைத் துண்டித்தாள். திரையைப் படமெடுத்துத் தொழிலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். சர்வர் விசைப்பலகைக்குத் திரும்பினாள். தட்டினாள்: நான் கங்கா. கதவு திறந்திருக்கு. வாங்க.



ஏசி நின்றது. கனத்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது. பாய்ந்துபோய்க் காலைக் கொடுத்துத் தடுத்தாள். எலும்பில் வலி. காலை எடுக்கவில்லை.

காலடியில் ஏதோ கிறீச்சிட்டது. கேபிள்கள் ஓடுவதற்காக உயர்த்திப் போட்டிருந்த தரையில் ஒரு பலகை மேலெழுந்தது. இடுக்கில் நான்கு விரல்கள். நீலம் பாரித்த நகங்கள்.

கங்கா குனிந்து கையை நீட்டினாள். "பிடிங்கண்ணே."

பிடித்தது. பனிக்கட்டிபோல. மணிக்கட்டு வரை.

அது மேலே வரவில்லை. அவளைக் கீழே இழுத்தது.

கதவு காலை நெரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கம் இழுத்தாள். இருட்டுக்குள்ளிருந்து, மூச்சே இல்லாமல் அகலத் திறந்த ஒரு வாய் மெல்ல மேலே வந்தது.

அவள் விடவில்லை. அதுவும் விடவில்லை.