ஆடாமல் அசையாமல் ஒரு கிண்ணம் கேரட்

"பதினொண்ணு!" என்று கத்தினான் அன்வார்.

அவனுக்கு ஆறு வயது. அக்கா ரபாப் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் எண்ணுவதுதான் காலையிலிருந்து அவனுக்கு வேலை. பத்துக்கு மேல் விரல் போதாததால் இப்போது கால்விரலுக்கு வந்திருந்தான்.

"ரபாப், கதவை மூடுடி!" அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நீ பாத்தா அது சீக்கிரம் குளிருமா?"

ரபாப் மூடினாள். உள்ளே ஒரு கிண்ணம் கேரட் இருந்தது. வட்டவட்டமாக நறுக்கி, அரைவேக்காடாக வேகவைத்து, பூண்டும் சீரகமும் கொத்தமல்லித் தழையும் வினிகர் என்கிற காடியும் எண்ணெயும் சேர்த்துப் பிசறிய கேரட். சூட்டோடு பிசற வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் குளிரில் ஊறவிட வேண்டும். பிசறுவது ரபாபுக்குச் சுலபம். ஊறவிடுவதுதான் முடியாத காரியம்.

அன்று வெள்ளிக்கிழமை. வாப்பா தொழுகை முடிந்து வந்ததும், இரண்டு மணிக்கு விருந்து. எதிர்வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். மறுநாள் விடிந்தால் அவர்கள் மெக்னஸ் ஊரைவிட்டே கிளம்பி, தாஞ்சியருக்குக் குடிபோகிறார்கள். அந்த வீட்டுக் கிஸ்லான்தான் ரபாபின் உயிர்த்தோழி.

ஐந்து நாளாக அவள் ரபாபோடு பேசவில்லை.

தப்பு ரபாபுடையதுதான். கிஸ்லானின் அக்கா கல்யாணத்தில் எல்லோருக்கும் மருதாணி வைத்தார்கள். காயும்வரை கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ரபாப் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். அதற்குள் வாசலில் மேளம் கேட்டது. துள்ளி எழுந்தவள், எதிரே வந்த கிஸ்லான்மேல் மோதினாள். கிஸ்லானின் புது வெள்ளைக் கஃப்தான் உடுப்பில் பத்து விரலும் பச்சையாகப் பதிந்தன.

"உன்னால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா?" என்று அழுதாள் கிஸ்லான். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

குளிர்ந்த கேரட் என்றால் கிஸ்லானுக்கு உயிர். அதனால்தான் ரபாப் இன்று அதைத் தானே செய்வதாக உம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கிஸ்லான் அக்கா வரமாட்டாங்க," என்றான் அன்வார். "அவங்களுக்கு உன்மேல கோவம்."

"வாயை மூடுறா."

"நீ முதல்ல ஃபிரிட்ஜை மூடு. பன்னிரண்டு!"

ரபாப் மாடிக்குப் போய் எதிர்வீட்டை எட்டிப் பார்த்தாள். மூட்டைகள் தெரிந்தன, கிஸ்லான் தெரியவில்லை. இறங்கி வந்தாள். மறுபடியும் ஏறினாள். இறங்கினாள். பதின்மூன்றாவது தடவை திறந்தபோது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

முகம் கோணியது.

"உம்மா! கேரட்ல அத்தர் வாசனை வருது!"

உம்மா வந்து ஒரு துண்டு தின்றாள். அலமாரியைப் பார்த்தாள். அங்கே ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் புட்டிகள் நின்றன. ஒன்றில் காடி. இன்னொன்றில் வசந்த காலத்தில் வடித்த ஆரஞ்சுப்பூ நீர். அதன் கழுத்தில்தான் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

"நூல் கட்டினதையா ஊத்துன?"

"நான் நூலைப் பாக்கல... அவசரத்துல..."

"வாசனைகூடவா தெரியல?"

"கல்யாணத்துல விருந்தாளிங்க மேல தெளிச்சாங்களே, அதுலேருந்து தெருவே இப்படித்தானே மணக்குது!"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவாயில்ல, விடு. தக்காளி வெட்டி வச்சுக்கலாம்."

"வேணாம். கேரட்தான் வேணும்."

மணி பன்னிரண்டரை. ரபாப் கேரட்டைச் சல்லடையில் கொட்டி, குழாயடியில் நன்றாக அலசினாள். புதிதாகப் பூண்டு நசுக்கினாள். சீரகம் இடித்தாள். இந்தத் தடவை புட்டியின் கழுத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள், அன்வாரையும் முகரச் சொன்னாள். அவன் தும்மினான். காடிதான்.

எல்லாம் கலந்து முடிந்தபோது மணி ஒன்று. ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே கைவைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு!

"பதின்மூணு தடவை திறந்தா அது ஃபிரிட்ஜா? சும்மா அலமாரி," என்றாள் உம்மா. "மோரும் தர்பூசணியும்கூட இன்னும் குளிரல."

ரபாபுக்கு மீன் கடை ஐஸ் நினைவுக்கு வந்தது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். மீன் கடை ஹம்மூ மாமா கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஐஸ் வேணும்."

"மீன்?"

"மீன் வேணாம்."

"மீன் கடைக்கு வந்து மீன் வேணாம்னு சொல்ற மொத ஆளு நீதான்," என்றார் அவர். "அள்ளிக்க. எப்படியும் சாக்கடையிலதான் கொட்டப் போறேன். ஆனா மத்தி மீன் வாடை அடிக்கும், சொல்லிட்டேன்."

"கிண்ணத்துக்கு வெளியிலதானே மாமா இருக்கப்போகுது!"

முற்றத்து நிழலில் தகரத் தொட்டியை வைத்து ஐஸைக் கொட்டினாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தட்டுப் போட்டு மூடிய கிண்ணத்தை நடுவில் இறக்கினாள்.

கிண்ணம் மிதந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. ரபாப் பாய்ந்து பிடித்தாள். கையை எடுத்தாள். மறுபடியும் சாய்ந்தது. மத்தி மீன் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது.

வேறு வழியே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் முதுகு அரித்தது. பிறகு கால் மரத்தது. விரல்கள் சிவந்தன. மேலே போய் எதிர்வீட்டைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கிஸ்லான் வருவாளா? வராமலே போய்விடுவாளா? எழுந்து போனால் கிண்ணம் கவிழும். உட்கார்ந்தே இருந்தாள். அன்வார் எண்ண எதுவும் இல்லாமல் தூங்கிப்போனான்.

அப்போது ஒரு ஈ வந்து அவள் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

"ஃபூ!" என்று ஊதினாள். ஈ ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. "ஃபூ! ஃபூ!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிஸ்லான். கையில் தெருவுக்குப் பொதுவான ரொட்டி அடுப்பிலிருந்து எடுத்துவந்த சுடுரொட்டிப் பலகை.

"ரொட்டியைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க எங்க உம்மா," என்றாள் சுவரைப் பார்த்து. "நான் ஒண்ணும் பேச வரல."

"சரி," என்றாள் ரபாப். தலையைத் திருப்பவில்லை.

கிஸ்லான் பலகையை வைத்தாள். போகத் திரும்பினாள். நின்றாள்.

"நீ என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருக்கேன்."

"நீயா?"

"ம்."

"எவ்வளவு நேரமா?"

"தெரியல. கடிகாரம் பின்னாடி இருக்கு. திரும்பினா கிண்ணம் சாஞ்சிடும். உள்ள உனக்குக் கேரட் இருக்கு. கஃப்தானுக்கு... ரொம்ப ஸாரிடி. அப்புறம்... என் மூக்குமேல ஒரு ஈ."

கிஸ்லான் பார்த்தாள். சிவந்த விரல்களைப் பார்த்தாள். மூக்கின் நுனியில் நிம்மதியாக இறக்கையைத் தடவிக்கொண்டிருந்த ஈயையும் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே முக்காட்டின் நுனியை வீசி ஈயை விரட்டினாள்.

பிறகு எதிரே உட்கார்ந்து, தட்டைக் கொஞ்சம் விலக்கி, ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

"சில்லுனு இருக்கு. ஆனா ஏன்டி கல்யாண வீட்டு வாசம் வருது?"

"அது பெரிய கதை."

"சொல்லு. உன் கை செவந்துபோச்சு, விடு, நான் பிடிச்சுக்கறேன்."

"நான் விடமாட்டேன்."

"சரி, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

நான்கு கைகள் கிண்ணத்தைப் பிடித்தன. ரபாப் சிவப்பு நூல் கதையைத் தொடங்கினாள். பாதியில் அந்த ஈ திரும்பி வந்தது. இந்தத் தடவை கிஸ்லானின் மூக்கில் உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கைகூட நகரவில்லை.

"அன்வார்ர்ர்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "எழுந்து ஓடி வாடா!"