கூப்பிடு தூரத்தில் நின்ற வண்டி

"ஒம்பதாயிரம். அதுக்கு மேல ஒத்தப் பைசா கிடையாது" என்றது வண்டி.

"இருபத்தெட்டாயிரம். முடிஞ்சா பாருங்க, முடியாட்டி எடத்தக் காலி பண்ணுங்க" என்றது பட்டறைச் சுவரில் இருந்த பெட்டி.

இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருப்பவள், பேரத்தில் யாரிடமும் தோற்காதவள் என்று பெயர் வாங்கியவள். இன்று வத்தலக்குண்டில், அடுத்தவர் பட்டறையில், தன் வண்டி பேரம் பேசுவதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

கொடைக்கானலில் அவள் மகள் பனிமலருக்கு வளைகாப்பு. நல்ல நேரம் மூன்று மணியோடு முடிகிறது. வளையல் பெட்டியும் பட்டுப்புடவையும் கட்டுசாதத் தூக்குகளும் டிக்கியில் இருந்தன. விடிந்ததும் கிளம்பியவள் இந்நேரம் மலை ஏறியிருக்க வேண்டும். ஆனால் மலையடிவாரச் சோதனை வாயிலில் பதித்திருந்த தேய்வுமானி, வண்டியின் அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன, இடது பால் ஜாயிண்ட் ஆடுகிறது, கொண்டை ஊசி வளைவில் சக்கரம் கழன்றாலும் கழலும், திரும்பிப் போ என்றது. மூன்று மாதமாகக் கேட்ட 'கடகட' சத்தம் அதுதான். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் அவள்தான்.

பட்டறைக்காரர் அமலதாஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, வேலை ரெண்டு மணி நேரந்தான். சாமானும் இங்கனயே இருக்கு. இதுங்க பேசி முடிச்சாத்தான சாமான் பெட்டி தொறக்கும்?"

அதுதான் சட்டம். ஒரு காலத்தில் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு எது நியாயமான விலை என்றே தெரியாது. புஷ் என்கிற சின்ன ரப்பர் வளையம் மட்டும் தேய்ந்திருக்கும், அது உட்காரும் முழு ஆர்மையும் மாற்றச் சொல்வார்கள். மாற்றாததை மாற்றியதாகச் சொல்வார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில், ஆளுக்குப் பதிலாகப் பேரம் பேசும் இயந்திர மூளையான பேரமதி வந்தது. வாங்குகிறவருக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகும் விலைதான் நியாய விலை. அதுவரை உதிரிப் பாகங்களின் பூட்டு திறக்காது. பேரமதி தன் முதலாளியிடமிருந்துதான் பேரம் கற்கும். மங்கையர்க்கரசியின் பேரமதி அவள் வண்டியிலும் கைபேசியிலும் இருந்துகொண்டு, கத்தரிக்காயிலிருந்து கடை வாடகை வரை, அவளுக்கு வரும் கைபேசி அழைப்பு வரை, எல்லாவற்றையும் அவள் பாணியிலேயே பார்த்துக்கொண்டது. அவளுக்கு அதில் ஏகப் பெருமை. வயிற்றில் பிறந்தது கூட இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. மனசாட்சிப்படி என்ன ஆகும்?" என்றாள் அமலதாஸிடம்.

"ஷாக் ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்க்கா, ரெண்டும் மாத்தித்தான் ஆகணும். பால் ஜாயிண்ட் ஒண்ணு போதும். ஆர்ம் நல்லாருக்கு, அதத் தொட வேணாம். அப்பறம் வீல் அலைன்மெண்ட். இருபது குடுங்க."

"பதினாறு."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பதினெட்டு."

"பதினெட்டு. முடிஞ்சது."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருவரும் சிரித்தார்கள். அமலதாஸ் ஸ்பானரை எடுத்தார். பூட்டு திறக்கவில்லை.

"அம்மா, அந்தாளு ஒடனே ஒத்துக்கிட்டாரு" என்றது வண்டி. "ஒடனே ஒத்துக்கிட்டா என்ன அர்த்தம்? நாமதான் கூடச் சொல்லிட்டோம். ஏழாயிரத்துக்கு மேல நான் வரமாட்டேன்."

"மொதலாளி, அந்தம்மா மூச்சு விடாம ஒத்துக்கிட்டாங்க" என்றது பட்டறைப் பெட்டி. "கையில காசு இருக்கு. முப்பத்தோராயிரம்."

"அட நாசமாப் போறதே!" என்று மங்கையர்க்கரசி நாற்காலியை விட்டு எழுந்தாள். "எனக்கு அவசரம்! மூணு மணிக்குள்ள மலைக்குப் போகணும்!"

"சத்தமாச் சொல்லாதீங்கம்மா" என்றது வண்டி, குரலைத் தாழ்த்தி. "அவசரம்னு தெரிஞ்சா வெல ஏத்திருவாங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

பட்டறைப் பெட்டி முப்பத்து நான்கு என்றது. அவ்வளவுதான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. "நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, தேய்ந்த ஷாக் கடகடக்க, டிக்கியில் வளையல் குலுங்க, ஆளில்லாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

"ஏய்! நில்லு! ஏய்!" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

வண்டி வேறு எங்கும் போகவில்லை. திருப்பத்தில், பட்டறையிலிருந்து குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில், மெதுவாகி நின்றது. அங்கே அது மட்டும் நிற்கவில்லை. புளியமரங்களின் கீழே கார்கள், வேன்கள், ஒரு பள்ளிக்கூடப் பேருந்து என்று வரிசையாக நின்றன. அந்தச் சாலையில் இருந்த பட்டறைகளிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பியவை எல்லாம் எவனாவது கூப்பிடுவான் என்று வெயிலில் நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

கதவை இழுத்தாள். திறக்கவில்லை. டிக்கியைத் தட்டினாள்.

"தொறந்தா நாம இறங்கி வந்துட்டோம்னு நெனைப்பாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க. கூப்பிடுவான்."

அமலதாஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என் பொட்டி கூப்பிடாதுக்கா. மொதல்ல கூப்பிட்டவன் தோத்தான்னு நாந்தான் பழக்கி வெச்சிருக்கேன்." அவர் முகத்தில் அசடு வழிந்தது. "நேத்து நின்ன வண்டிகூட இன்னும் நிக்கிது, பாருங்க."

சாலையில் போன வாடகை வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள். அதன் பேரமதியும் கைபேசியில் இருந்த அவள் பேரமதியும் உடனே மோதிக்கொண்டன. வாடகை வண்டி இருநூறடி தள்ளிப் போய் வரிசையில் நின்றுகொண்டது. சரி, வளையல் போனால் போகட்டும், ஆளாவது போய்ச் சேரலாம் என்று அமலதாஸின் பழைய பைக்கில் பேருந்து நிலையத்துக்குப் பறந்தாள். மலைப் பேருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது. அடுத்தது மூன்று மணிக்கு.

"இந்த பைக்லயே மேல விட்டுருங்க தம்பி. புண்ணியமாப் போகும்."

"இதையும் அந்தச் சோதனை வாயில் விடாதுக்கா. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிருச்சு."

திரும்பி வந்து புளியமர நிழலில், தன் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் கைபேசி பேரமதியின் பிடியில் இருந்தது. பேரம் நடக்கும்போது வெளியே பேசினால் பேச்சு கசியும் என்று அது எந்த அழைப்பையும் விடாது. இதுவும் அவள் வைத்த சட்டம்தான்.

வண்டி நிற்கிற நிற்பை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சித்திரையில் அவளும் இப்படித்தான் நின்றாள். சீர்ப் பாத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்து, வார்த்தை தடித்து, "இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று மகள் வீட்டிலிருந்து இறங்கினாள். கேட் வரைக்கும் ஆமை மாதிரி நடந்தாள். செருப்பு வார் அறுந்தது போல இரண்டு தடவை குனிந்தாள். "அம்மா, வாம்மா" என்று ஒரு சொல் வந்திருந்தால் திரும்பியிருப்பாள். வரவில்லை. மகள் உண்டாகியிருப்பதையே அடுத்தவர் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். அப்போதும் இவள் கூப்பிடவில்லை. மகளே கூப்பிடட்டும் என்று இருந்தாள். நேற்றுத்தான் முதன்முதலாகப் பனிமலரின் குரல் வந்தது. "நீ வந்து போட்டாத்தான் நான் கையை நீட்டுவேன். நீ வராட்டி வளையலே வேணாம்."

மணி மூன்றைத் தாண்டியது.

பிறகு வண்டியின் விளக்குகள் மின்னின.

"ஜெயிச்சிட்டோம்மா! அவனே கூப்பிட்டுட்டான்!" என்றது வண்டி. "கடைசி வெல, பதினெட்டாயிரம்!"

பட்டறையிலிருந்து பெட்டியின் குரலும் கேட்டது. "மொதலாளி, ஏழாயிரத்துல நின்ன வண்டியப் பதினெட்டுக்கு ஏத்திட்டேன்!"

அமலதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"என் பொண்ணக் கூப்பிடு" என்றாள் மங்கையர்க்கரசி. "வண்டி கிடக்கட்டும். மொதல்ல அவளக் கூப்பிடு. நான் மன்னிப்புக் கேக்கணும்."

"வேணாம்மா. அவங்க இப்பக் கோவமா இருப்பாங்க. நாம கூப்பிட்டா எறங்கிப் போன மாதிரி ஆயிரும். அவங்களே கூப்பிடுவாங்க, பாருங்க. ஆடியில கூப்பிட்டாங்க. ஆவணியில எத்தனையோ தடவ கூப்பிட்டாங்க."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "யாரு கூப்பிட்டா?"

"நம்ம பனிமலர்தான். நான் எடுக்கலம்மா. ஒடனே எடுத்தா மதிப்பு இருக்காதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? நேத்து அழுதுகிட்டே கூப்பிட்டாங்க. சரி, இதுக்கு மேல எறங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் எடுத்துக் குடுத்தேன்."

அமலதாஸ் தன் கைபேசியை நீட்டினார். அதை வாங்கி வைத்துக்கொண்டு விழித்தாள். மகளின் எண் அவளுக்கு மனப்பாடம் கிடையாது. அதைப் பேரமதிதான் வைத்திருந்தது.

அப்போது அவள் கைபேசி அடித்தது. திரையில் பனிமலர்.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றது பேரமதி. "மூணு தடவ அடிக்கட்டும்."

அவள் விரலால் திரையைக் குத்தினாள், தேய்த்தாள், உள்ளங்கையால் அறைந்தாள். "எடுறா பாவி! எடு!" என்று நடுரோட்டில் நின்று கத்தினாள். இரண்டாவது மணியோடு அழைப்பு நின்றுபோனது.

"கவலப்படாதீங்கம்மா" என்றது பேரமதி. "மறுபடி கூப்பிடுவாங்க."