குரலுக்கு முந்தின மூச்சு

தால்காத்தின் குரலுக்கு முன்னால் வேறொரு மூச்சு இருந்தது.

பேசுவதற்கு முன் மனிதர்கள் மூச்சு இழுப்பது வழக்கம்தானே என்று ராய்ஹான் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எட்டு வருடம் கூடவே வாழ்ந்த கணவனின் மூச்சு அவளுக்குத் தெரியாதா? சிகரெட் குடித்துக் குடித்து நெஞ்சுக்குள் கரகரத்து ஏறும் மூச்சு அவனுடையது. இது மெல்லியது. ஒட்டியிருந்த உதடுகள் ஈரத்தோடு பிரியும் சின்னச் சத்தம் அதற்கு முன்னால் கேட்டது. அது வந்து போன பிறகுதான் அவன் மூச்சு வந்தது. அதற்கும் பிறகுதான் அவன் பேசினான்.

"சாப்பிட்டியா, உயிரே? இங்க ஒரே காத்து. மண்ணு பல்லுக்குள்ள போகுது."

மூன்று நாட்களுக்கு முன் அவன் அனுப்பிய குரல் செய்தி அது. நாட்டின் மேற்குக் கோடியில், மங்கிஸ்தாவ் பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளில் தால்காத் வேலை பார்த்தான். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீடு. அவன் இல்லாத மாதங்களில் இந்தச் செய்திகள்தான் ராய்ஹானுக்குத் துணை.

இப்போது அவற்றைப் போட்டுக் கேட்பது ஏக்கத்தினால் அல்ல, வேலைக்காக. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்துப் பழகிய காது அவளுடையது. நிலையத்தை விட்ட பிறகு வீட்டுச் சாமான்களை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் சேனல் ஒன்றை நடத்திவந்தாள். யாரிடமும் காசு வாங்காமல் மனதில் பட்டதைச் சொல்கிறாள் என்று அல்மாட்டி நகரத்தில் அவளுக்கு நல்ல பெயர். இந்த வாரம் வந்திருந்தவை போனோடு வயரில்லாமல் இணையும் வீட்டு ஸ்பீக்கர்கள், ஒரு ஜோடி. சாம்பல் நிறக் கம்பளித் துணி போர்த்திய இரண்டு உருளைகள் கூடத்தின் இரு மூலைகளில் பூனைகளைப் போல உட்கார்ந்திருந்தன. அவற்றின் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். "ரெண்டு குதிரையை வித்துட்டு வாங்கலாமாக்கா, இல்ல ஒண்ணு போதுமா?" என்று நேயர் ஒருவன் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தான்.

பாட்டைப் போட்டு ஸ்பீக்கரை எடைபோடுவதில் ராய்ஹானுக்கு நம்பிக்கையில்லை. எந்தப் பெட்டியிலும் பாட்டு நன்றாகத்தான் இருக்கும். நன்றாகத் தெரிந்த ஒருவரின் குரலைப் போட வேண்டும். அந்த ஆள் நம் அறைக்குள் வந்து நின்றால் பெட்டி நல்ல பெட்டி. இதுதான் அவள் கணக்கு.

தால்காத் வந்து நின்றான். அதில் சந்தேகமில்லை. சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கம்பளத்தின் மேல், அவன் உயரத்துக்கு அவன் வாய். அவனுக்குப் பின்னால், அவன் தோளை ஒட்டி, இன்னொரு வாய்.

ஜன்னலுக்கு வெளியே புகை கலந்த பனி இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் தாண்டியதுமே தெருவிளக்குகளை ஏற்றிவிட்டார்கள். சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் அவ்வப்போது டொக்கென்று முனகின. சமையலறையில் நாத்தனார் கலாம்பிர், பௌர்சாக் என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மாவும் எண்ணெயும் சேர்ந்து வேகும் வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடம் வரை வந்தது. தால்காத்தின் அக்கா அவள். அவனை வளர்த்தவளும் அவள்தான். தம்பி வேலைக்குப் போகும் மாதங்களில் ராய்ஹான் தனியாக இருக்கக் கூடாது என்று தானாகவே வந்து தங்கியவள், பிறகு திரும்பிப் போகவே இல்லை. அதிகம் பேசமாட்டாள். பேசுவதற்கு முன் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ம்ச்' என்று ஒரு சத்தம் எழுப்புவாள், அவ்வளவுதான்.

ராய்ஹான் செய்தியை மறுபடி ஓட்டினாள். இந்த முறை ஒலியைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மூச்சு. பிறகு காற்றில் எழுதினாற்போல ஒரு முணுமுணுப்பு: *சாப்பிட்டியா, உயிரே.*

"சாப்பிட்டியா, உயிரே?"

*இங்க ஒரே காத்து.*

"இங்க ஒரே காத்து."

அவள் கண்ணைத் திறந்தாள். ஸ்பீக்கரின் குறைதான் இது, வேறென்ன? ஒலியைச் சுருக்கி அனுப்பும்போது சில பெட்டிகள் இப்படிக் குரலுக்கு முன்பே எதிரொலி காட்டுவது உண்டு. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு இப்படியொரு குறையா? கேமரா தாங்கியில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இந்தக் குறையைச் சொல்லக்கூட வாயெடுத்தாள். ஆனால் காது சம்மதிக்கவில்லை. எதிரொலி என்றால் அவன் குரலாகத்தான் இருக்க வேண்டும். இது ஒரு பெண்ணின் குரல்.

கடைக்காரர் ஸாகிரை அழைத்தாள். பெட்டியை இரவல் கொடுத்தவர் அவர்தான்.

"என்ன தங்கச்சி, கிட்னியை விக்கத் தயாராயிட்டியா?"

"ஸாகிர் அண்ணே, இந்தப் பெட்டியில ஏதோ கோளாறு இருக்கு. பேச்சுக்கு முன்னாடி இன்னொரு பேச்சு கேக்குது."

"எல்லாப் பேச்சுக்குமா?"

அவள் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் காத்திருக்க, அம்மா அனுப்பிய செய்தியைப் போட்டாள். அம்மா மட்டும் வந்தாள், இருமலோடும், பின்னால் கத்தும் கோழியோடும். வானிலை அறிக்கையைப் போட்டாள். வாசிப்பவள் மட்டும் வந்தாள்.

"இல்ல. அவருக்கு மட்டும்தான்."

ஸாகிர் சிரித்தார். "அப்ப பெட்டியைத் திட்டாத தாயி. அது எதையும் சேர்க்காது. மத்த பெட்டியெல்லாம் முழுங்கிடறதை இது துப்பிடும், அதுக்குத்தான் அந்த விலை. உன் வீட்டுக்காரர் பக்கத்துல யாராச்சும் இருந்திருப்பாங்க." சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று அவருக்கு உறைத்தது. "அதாவது... கூட வேலை செய்யறவங்க யாராச்சும்" என்று இழுத்தார்.

ராய்ஹான் போனை வைத்தாள்.

பெண். ஒரு பெண், அவன் தோளை ஒட்டி. அழுகை வரவில்லை. தன் பழைய மலிவுப் பெட்டியை எடுத்து அதே செய்தியை ஓட்டினாள். அதில் கணவன் மட்டும் இருந்தான். அன்பான, தனியான, காற்றில் மண் தின்னும் கணவன். இத்தனை வருடமும் அந்தப் பெட்டி அவளிடம் பொய் சொல்லியிருக்கிறது. அதை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

போன மாதத்துச் செய்தியைப் போட்டாள். அதிலும் அந்தப் பெண் இருந்தாள். போன வருடத்துச் செய்தி. அதிலும். தேதிகள் பின்னுக்குப் போகப் போக முணுமுணுப்பு தேயவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் முதலில் அவள் வாயில் பிறந்து, பிறகு அவன் வாய்க்கு மாறியது. *நீ இல்லாம டீகூட ருசிக்கல.* "நீ இல்லாம டீகூட ருசிக்கல." *உன்னை மாதிரி யாரும்மா?* "உன்னை மாதிரி யாரும்மா?"

கள்ளக்காதலி யாரும் இப்படிச் செய்வாளா? தன் ஆணின் பெண்டாட்டிக்குக் கொஞ்சல் எழுதிக் கொடுப்பாளா?

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. கல்யாணத்துக்கு முன், ஒரு குளிர்காலத்தில், அவன் அனுப்பிய முதல் செய்தி. ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் அவள் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தது. வேறு இரண்டு பேர் பெண் கேட்டு வந்திருக்க, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தால்காத்தை அவள் கட்டிக்கொண்டாள்.

அழுத்தினாள்.

மூச்சு. ஈர உதடுகள் பிரிந்தன. பிறகு, மிகத் தெளிவாக:

*ம்ச். உன் குரலைக் கேட்டா பனிகூட நின்னு கேட்டுட்டுத்தான் விழும், ராய்ஹான்.*

"உன் குரலைக் கேட்டா பனிகூட நின்னு கேட்டுட்டுத்தான் விழும், ராய்ஹான்."

ம்ச்.

சமையலறையில் கரண்டி சட்டியில் தட்டும் ஓசை கேட்டது. பௌர்சாக்கைத் திருப்பிப் போடும் ஓசை.

ராய்ஹான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் கலாம்பிர் அவன் பக்கத்தில் இருந்திருக்கலாம். சொல்லத் தெரியாத தம்பிக்கு அக்கா சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதுவே போதும், உயிர் கசக்க. கட்டிலில் தன் காதுக்குள் விழுந்த சொல்லெல்லாம் யாருடையது? ஆனால் மூன்று நாள் முன்பு? அந்தச் செய்தி வந்தபோது கலாம்பிர் இதே கூடத்தில், இதே மேசையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நாட்டின் அகலம் முழுவதும் கிடந்தது. அன்று கலாம்பிர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லை. ஆனால் உதடுகள்? மாவு உருண்டைகளை எண்ணுகிறாள், பிரார்த்தனை சொல்கிறாள் என்று ராய்ஹான் நினைத்துக்கொண்ட அந்த உதடுகள்?

கணவனை அழைத்தாள். அழைப்பை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டாள்.

மூச்சு. *என்ன உயிரே, இந்த நேரத்துல?*

"என்ன உயிரே, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு." தன் குரல் சாதாரணமாக ஒலித்தது அவளுக்கே ஆச்சரியம். "நாம மொதல்ல ஏரிக்குப் போனோமே, நீயும் நானும் மட்டும். தண்ணியில என் செருப்பு போச்சு. அப்ப நீ என்ன சொன்ன?"

ஏரிக்குக் கலாம்பிர் வரவில்லை.

ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. சமையலறையிலும் எதுவும் இல்லை. கரண்டியின் ஓசை நின்றுவிட்டது.

*நீயே சொல்லேன்.*

"நீயே சொல்லேன்."

"நான் உன்னைத்தான் கேக்கறேன், தால்காத்."

பிறகு முன்னால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல், அடைத்த கிணற்றைத் தோண்டியது போல, துருப்பிடித்த, அவள் இதுவரை கேட்டேயிராத ஒரு ஆணின் குரல் வந்தது.

"ரா... ராய்... ஓடி—"

*லைன் சரியில்ல. வெச்சிடறேன்.*

"லைன் சரியில்ல. வெச்சிடறேன்." பழைய குரல். இதமான குரல்.

அந்த முணுமுணுப்பை இந்த முறை அவள் இரண்டு இடங்களில் கேட்டாள். ஸ்பீக்கரில் ஒன்று. கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று.

அழைப்பைத் துண்டித்தாள். போனை அணைத்தாள். ஸ்பீக்கர்களின் மின்கம்பிகளைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

எழுந்தாள். கம்பளம். மரத்தரை. கதவு. கைப்பிடி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

கலாம்பிர் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். சட்டியில் பௌர்சாக்குகள் கருகிக்கொண்டிருந்தன. புகை. வெளியே இருட்டிவிட்டது, ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன, வேகமாக, ஓயாமல், ஒருவருக்காக அல்ல, பலருக்காகப் பேசுவது போல. அதற்குள் கீழ்வீட்டுக்காரி குழந்தையை அதட்டும் சொற்கள் இருந்தன. அடுத்த நொடி தரைக்குக் கீழே அந்த அதட்டல் கேட்டது. வாசலில் யாரோ யாருக்கோ விடைகொடுக்கும் சொற்கள் இருந்தன. அடுத்த நொடி மாடிப்படியில் அந்தக் குரல் கேட்டது.

ராய்ஹான் கேட்க நினைத்தாள். யார் நீங்கள் என்று கேட்க நினைத்தாள்.

கண்ணாடியில் உதடுகள் ஒரு கணம் நின்றன. ம்ச்.

*அக்கா, நீங்க யாரு?*

"அக்கா, நீங்க யாரு?" என்றாள் ராய்ஹான்.

தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதால் கேட்டாள். நாக்கு அசைந்த விதம். தொண்டை திறந்த விதம். எதுவும் அவள் செய்ததல்ல.

கலாம்பிர் திரும்பவில்லை. கருகியதை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். வீட்டுவேலை சொல்லும் அதே சாதாரணக் குரலில் பேசினாள்.

"கேமரா ஓடிட்டேதானே இருக்கு? பாவம், உன்னை நம்பி எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க. போ. உக்காந்து முடிச்சிட்டு வா. டீ போடறேன்."

கால்கள் நடந்தன. கூடம். நாற்காலி. கேமராவின் சிவப்புப் புள்ளி. முதுகு நிமிர்ந்தது. முகம் சிரித்தது; எல்லா வாரமும் சிரிக்கும் அதே சிரிப்பு. இத்தனை வருடம் தன்னுடையது என்று நினைத்திருந்த சிரிப்பு.

சமையலறையிலிருந்து முணுமுணுப்பு வந்தது.

"நேயர்களே, நேராவே சொல்லிடறேன். இந்த விலைக்கு இதுல ஒண்ணுமே இல்ல. உங்ககிட்ட இருக்கற பழைய பெட்டியே போதும். குதிரையை வித்துடாதீங்க."

ஒரு வார்த்தை இடறவில்லை. நேர்மையான குரல். யாரும் நம்பும் குரல்.

அவளுக்குள், எங்கோ மிக ஆழத்தில், ஒரு அலறல் எழுந்தது. நெஞ்சை நிரப்பியது. கழுத்துக்கு ஏறியது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சிவப்புப் புள்ளியைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காத்திருந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் அந்த உதடுகள் பிரிவதற்காக.

அங்கே கொதிக்கும் எண்ணெயின் ஓசை மட்டும் கேட்டது.