செங்கோடனை எழுப்பும் சொல்

சேலம் அணியின் தலைக்கவசங்கள் அத்தனையிலும் தனுஷ்கோடியின் குரல் பேசிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியோ அரங்கத்தின் பின்வாசலில் நின்று, தன்னை உள்ளே விடும்படி காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“உங்களை மாதிரி பெரியவங்க வெயில்ல நிக்கறதைப் பாத்தா எனக்கே சங்கடமா இருக்குங்கய்யா. வீட்டுக்குப் போய் ஃபேனுக்கு அடியில உக்காந்து மேட்ச் பாருங்க,” என்றான் காவலாளி.

தனுஷ்கோடிக்கு மனசு இளகிவிட்டது. கிளம்பியே போயிருப்பார். காவலாளியின் காதில் பச்சையாக மினுங்கிய ஏவுசொல்லியைக் கவனித்த பிறகுதான் சுதாரித்தார்.

அது இல்லாத காது இப்போது ஏது? எதிரே நிற்பவர் எந்தச் சொல்லுக்கு மசிவார் என்று கணித்து, அந்தச் சொல்லைக் காதில் ஓதிவிடும் கருவி. மாமியாரிடம் பேசும்போது மருமகள் மாட்டிக்கொள்கிறாள். மருமகளிடம் பேசும்போது மாமியார் மாட்டிக்கொள்கிறாள். ஓட்டுக் கேட்டு வருபவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வருகிறார். நாடே இனிக்க இனிக்கப் பேசுகிறது. யார் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கருவிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர், சேலம் மோதுபந்து அணிக்கு முன்பு பயிற்சியாளராக இருந்த தனுஷ்கோடிதான். மோதுபந்து அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்டம். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், எதிரணி மொத்தமும் பாய்ந்து அவனைச் சாய்க்கும். ஆட்ட நுணுக்கத்தில் தனுஷ்கோடியை விடக் கெட்டிக்காரப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். ஆளை அறிவதில் அவரை அடிக்க ஆளில்லை. இவனைத் திட்டினால் ஓடுவான், அவனைப் பெண்டாட்டி முன்னால் புகழ்ந்தால் ஓடுவான் என்று விரல் நுனியில் வைத்திருந்தார்.

அணியில் பந்தோடு ஓடும் செங்கோடன் தனி ரகம். ஓர் அரையிறுதியில் தோள் பிசகிக் கிடந்தவனின் பக்கத்தில் மண்டியிட்டு, எச்சில் விழுங்கி, கண் கலங்க, “போதும்பா, நீ உட்காரு,” என்றார். அவன் எழுந்து ஓடி ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுத்தான். மறுநாள் தனுஷ்கோடியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அவனை ஓட வைக்கணும்னா உட்காருன்னு சொல்லணும்,” என்று தொலைக்காட்சியில் சிரித்தார். செங்கோடனும் அதைப் பார்த்தான். கோபப்படவில்லை. தனக்கென்று ஒரு சூட்சுமம் இருப்பதில் அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

பிறகு கருவிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர் பின்னாலேயே திரிந்து, குரல், பெருமூச்சு, அந்த எச்சில் விழுங்கல் வரை பதிந்துகொண்டார்கள். பதிந்ததை ஆட்டக்காரர்களின் தலைக்கவசங்களில் ஏற்றி முடித்ததும் அணி நிர்வாகம் பொன்னாடை போர்த்தி அவரை வழியனுப்பியது. வழியனுப்பு உரையைக் கேட்டு அவர் விம்மி அழுதார். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவர் எப்போதோ யாரிடமோ சொன்னது.

இன்று அவரை வரச் சொன்னவர் அணியின் மருத்துவர் ரெஜினா. செங்கோடனின் கழுத்து முள்ளெலும்பில் விரிசல். இன்னும் ஒரு மோதல் பட்டால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஆடுவதும் ஆடாததும் அவன் விருப்பம் என்று நிர்வாகம் கைகழுவிவிட்டது. “நீங்க சொன்னா கேப்பான் சார்,” என்று போனில் சொல்லியிருந்தார் ரெஜினா.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்த செங்கோடனே அவரை உடைமாற்றும் அறைக்குள் அழைத்துப் போனான்.

“வருவீங்கன்னு தெரியும்ங்க சார். ஃபைனல் ஆச்சே.”

“செங்கோடா, இன்னைக்கு நீ ஆடாத. உட்காருப்பா.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “கவசத்துல கேக்கறதை விட நேர்ல கேக்கறது தனிதானுங்க.”

“இது அது இல்லடா. கழுத்துல விரிசல். டாக்டர் ஸ்கேன் படம் காட்டலையா?”

“காட்டுனாங்க. முன்ன ஒருக்கா முட்டிக்குக் காட்டுனாங்களே, அதே மாதிரி.”

தனுஷ்கோடியால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முட்டிப் படம் அவருடைய ஏற்பாடு. அப்போதிருந்த மருத்துவரைப் பிடித்து, இல்லாத கிழிசலை இருப்பதாகச் சொல்ல வைத்திருந்தார். அன்றும் அவன் பிய்த்துக்கொண்டு ஓடினான்.

“என் காதைப் பாருடா. ரெண்டும் காலி. நான் மனசார சொல்றேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க அது? அதுக்கே நீங்கதானே வாத்தியாரு.”

தனுஷ்கோடி அழுதார். எச்சில் விழுங்கினார். நிஜமான பயம் அது. செங்கோடனோ பிடித்த பாட்டைக் கேட்பது போலத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

வெளியே மணி அடித்தது. இனி ஒரே வழிதான் பாக்கி என்று தனுஷ்கோடிக்குத் தோன்றியது. உட்கார் என்றால் ஓடுகிறவன், ஓடு என்றால் உட்காரலாம்.

“சரி, போ. போய் ஆடு,” என்றார்.

செங்கோடன் அசையாமல் நின்றான். சிரிப்பு போய்விட்டது. தனுஷ்கோடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் மெதுவாகக் குனிந்து அவர் காலைத் தொட்டான்.

“இத்தனை வருசத்துல இப்பத்தான் சார் சூட்சுமம் இல்லாம பேசியிருக்கீங்க,” என்றான். கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான்.

தனுஷ்கோடி கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். கூட்டத்தின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்து செங்கோடன் கைக்கு வந்தது. இரண்டு பேரை உதறினான். மூன்றாமவன் பக்கவாட்டில் வந்து மோதினான். குவியலில் இருந்து ஒவ்வொருவராக எழுந்து போன பிறகும் செங்கோடன் கிடந்தான். தனுஷ்கோடி வேலியைத் தாண்டி விழுந்தடித்து வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டார். கவசத்துக்குள்ளிருந்து அவருடைய குரலே அவருக்குக் கேட்டது.

“போதும்பா, நீ உட்காரு.”

சிறிது இடைவெளி, ஓர் எச்சில் விழுங்கல். மறுபடியும் அதே சொல்.

“கேக்குதுங்க சார்,” என்றான் செங்கோடன். கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. “எந்திரிச்சிட்டேனுங்களா?”

தனுஷ்கோடி அவனுடைய காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“எந்திரிச்சிட்டடா,” என்றார்.

அதை அவன் நம்பினான்.