தாழ்ப்பாள் போட்ட கை

எர்மெக் வீட்டு முற்றத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்து கொட்டிய பனி அப்போதுதான் நின்றிருந்தது. அவனுடைய இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சோவியத் காலத்து வேன்கள், ரொட்டி மாதிரி மழுங்கிய முகம். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு, சூடேற்றி எல்லாம் நான் அடித்துக் கொடுத்தவை. இந்த மலையடிவார ஊரான கராகோலில் எனக்கு அதுதான் பிழைப்பு.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நண்பர்கள் சேர்ந்து மேலே மேய்ச்சல் வெளிக்குப் போவோம். பனிக்கு நடுவில் மூன்று நாள் வண்டியிலேயே தங்குவோம். இந்த வருஷத்துப் பயணத்துக்குத் திட்டம் போடத்தான் எர்மெக் கூப்பிட்டிருந்தான்.

"வாடா தெற்கத்திக்காரா," என்று வண்டிக்குள்ளிருந்தே கத்தினான். "ஆப்ரிகாட் மரத்தடியில படுத்து வளந்தவன் இல்ல நீ. கதவ சாத்திட்டு வா, வெறச்சுப் போயிடப்போற."

"இருபது வருஷமா இங்கதான் வெறச்சுக்கிட்டிருக்கேன்," என்றேன். "என்னென்ன எழுதியிருக்க?"

மேசையில் காகிதம் இருந்தது. டயர் சங்கிலி நாலு. மண்வெட்டி ரெண்டு. டீசல் கேன் ஆறு. குதிரைக்கறி, வெண்ணெய், தேயிலை. வோட்கா என்று எழுதி அடித்திருந்தான்.

"வோட்கா வேணாமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தப் பொண்ணும் வருதாம்டா. பெகிமாய்."

காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பெகிமாய், தாலாயின் தங்கச்சி.

போன வருஷம் நாங்கள் மூன்று பேர், இதே இரண்டு வண்டியில். எர்மெக், தாலாய், நான். இரண்டாம் ராத்திரி பனிப்புயல். சூடேற்றியின் புகைக்குழாயைப் பனி மூடிவிடும் என்று தாலாய் மண்வெட்டியோடு வெளியே போனான். நாங்கள் குடித்திருந்தோம். "தாழ்ப்பாளப் போடுடா," என்றான் எர்மெக். "பாட்டுப் பாடினாத்தான் உள்ள விடணும்." போட்டேன். நான் வாங்கி, நான் திருகி முடுக்கிய தாழ்ப்பாள். என் கைதான் போட்டது.

தாலாய் மூன்று தட்டுத் தட்டினான். திட்டினான். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு கல்யாணப் பாட்டைப் பாடினான். "இன்னொன்னு!" என்று எர்மெக் கத்தினான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அடுத்த வண்டிக்குப் போய்ப் படுத்திருப்பான் என்று நினைத்துத் தூங்கிவிட்டோம். அடுத்த வண்டியின் சாவி எர்மெக் பாக்கெட்டில் இருந்தது.

மே மாசம் ஆடு மேய்க்கிறவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி. நாங்கள் தூங்கினபிறகு அவனாக எழுந்து போயிருக்கிறான் என்று போலீஸிடம் சொன்னோம். பெகிமாயிடமும் அதையேதான் சொன்னோம்.

"எதுக்காம் வருது?" என்று கேட்டேன்.

"அவன் கெடந்த எடத்துல ஏழு ரொட்டி பொரிக்கணுமாம். அங்க வந்து அது ஏதாவது கேள்வி கேட்டா என்னடா பண்றது? அதான், இங்கயே என் வண்டியில பொரிச்சிடலாம்மா, புது அடுப்பையும் பாத்த மாதிரி இருக்கும்னேன். இன்னிக்கு வியாழக்கெழமை வேற."

இறந்தவர்களுக்கு எண்ணெய் மணம்தான் சாப்பாடு. வியாழக்கிழமையானால் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வருவார்கள். இது எர்மெக்குக்கும் தெரியும். தெரிந்தே தாலாயைத் தன் வண்டிக்குக் கூப்பிட்டான்.

பெகிமாய் மாவுத் தட்டோடு வந்தாள். எனக்குத் தலையை ஆட்டினாள். எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொரு ரொட்டியாகப் போட்டாள். வண்டி முழுக்க அந்த மணம். ஆறு எடுத்தபிறகு திரும்பிப் பார்த்தாள்.

"தேன் கொண்டுவர மறந்துட்டேன். பக்கத்துலதான வீடு, எடுத்துட்டு வரேன். அண்ணே, கடைசி ரொட்டி எடுக்குற வரைக்கும் கதவு தெறந்தே இருக்கட்டும். அண்ணன் வந்துட்டுப் போகணும்ல."

"சரிம்மா, சரிம்மா."

அவள் இறங்கி நாலடி வைத்திருப்பாள். எர்மெக் காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினான்.

"ஏண்டா?" என்றேன்.

"குளுருதுடா. வர்றப்ப தெறந்துக்கலாம்."

அப்போதுதான் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மெதுவாக. யாரோ விரலால் தள்ளுவது போல. கடைசியில் டக்கென்று விழுந்தது.

எர்மெக் சிரிக்கப் பார்த்தான். "நீ அடிச்ச லட்சணம், தானா விழுது." எழுந்து போய் இழுத்தான். "ஆ!" என்று கையை உதறினான். இரும்பில் அவன் விரல் தோல் ஒட்டிக்கொண்டு இருந்தது. தாழ்ப்பாள் மேல் வெள்ளையாக உறைபனி.

சட்டியில் சத்தம் நின்றுபோயிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அடுப்பு எரிகிறது. நீலச் சுடர் நன்றாகத் தெரிகிறது. அதன் மேல் சட்டியில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஏழாவது ரொட்டி அதற்குள் பாதி புதைந்திருந்தது. எண்ணெய் மணம் போய்விட்டது. ஈரக் கம்பளி வாடை.

டக். டக். டக்.

"பெகிமாயா?" என்றான் எர்மெக்.

ஜன்னலில் பார்த்தேன். கை நுழையும் அகலம்தான் அந்த ஜன்னல். முற்றத்துப் பனியில் பெகிமாயின் காலடி தெரு வாசலை நோக்கிப் போயிருந்தது. நாங்கள் வந்த தடங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. கதவுக்கு முன்னால் யாரும் இல்லை.

"பாடு."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சிரிப்பு கலந்த குரல்தான். தாலாய் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வான்.

எர்மெக் என்னைப் பார்த்தான். அவன் மூச்சு புகை மாதிரி வந்தது. சூடேற்றி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாடுடா," என்று கிசுகிசுத்தேன். "அவன் கேக்குறான் பாரு, பாடித் தொல."

எர்மெக் பாடினான். அதே கல்யாணப் பாட்டு. பல் அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை விழவில்லை. பாடி முடித்தான்.

"இன்னொன்னு."

நான் கதவில் போய் மோதினேன். தோளால் இடித்தேன். ஓட்டுநர் பக்கம் போகிற வழியைக் குளிர் வராமலிருக்கப் பலகை வைத்து அடைத்தவனும் நான்தான். என் கைவேலை எல்லாம் உறுதியாகத்தான் இருக்கும்.

வெளியே காலடிச் சத்தம். இது உண்மைக் காலடி. பனியில் நொறுநொறுவென்று கேட்டது.

"ஏண்ணே கதவ சாத்துனீங்க? நான்தான் சொன்னேன்ல?" பெகிமாயின் குரல்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. அவன் பாட்டுக்காக வரவில்லை. நாங்கள் சொல்லாமல் வைத்திருப்பதற்காக வந்திருக்கிறான்.

"பெகிமாய்!" என்று கத்தினேன். "உங்க அண்ணன் தானா போகலம்மா! நாங்க வெளிய விட்டுப் பூட்டிட்டோம்! வெளையாட்டுக்குத்தான், குடிச்சிருந்தோம்! அவன் தட்டினான், நாங்க தெறக்கல! எர்மெக்தான்! எர்மெக்தான் தாழ்ப்பாளப் போட்டான்!"

கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

"டேய்!" எர்மெக் என் சட்டையைப் பிடித்தான். "பொய் சொல்றான்மா! இவன் கைதான் போட்டுது! இவன் கை!"

தாழ்ப்பாள் விலகியது.

கதவில் சாய்ந்திருந்த நான் பனியில் தலைகுப்புற விழுந்தேன். எனக்குப் பின்னால் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. டக்.

உள்ளே எர்மெக் கதவை அடித்தான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். தாலாயைக் கூப்பிட்டான். பிறகு பாட ஆரம்பித்தான்.

நான் ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். பெகிமாய் கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள், கையில் தேன் கிண்ணம். முகத்தில் அழுகை இல்லை.

"தள்ளும்மா, ஒடச்சிடறேன்."

அவள் தள்ளவில்லை.

"பாடட்டும்," என்றாள்.

எத்தனை பாட்டு என்று நான் எண்ணவில்லை. அவனுக்குத் தெரிந்த எல்லாம் பாடினான். தாலாட்டுக்கூடப் பாடினான். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும். மறுபடி ஆரம்பிப்பான். குரல் கம்மிக் கம்மி, கடைசியில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

கதவு தானாகத் திறந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எர்மெக் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான், வாய் திறந்தபடி. இமை மயிரெல்லாம் வெள்ளை. ஏழாவது ரொட்டி பொன்னிறமாகப் பொரிந்து, காகிதத்தின் மேல் இருந்தது. ஒரு கடி கடித்திருந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். வண்டிக்குள்ளே உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு பூட்ஸ் முழுக்க, பாக்கெட் முழுக்க எப்படிப் பனி அடைத்துக்கொண்டது? தெரியாது என்றேன்.

பயணம் நின்றுபோனது. நான் அடித்த எல்லா வண்டியிலிருந்தும் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்தேன், கூலி வாங்காமல். எர்மெக் வண்டியில் இருந்ததை ஆற்றில் வீசினேன்.

பெகிமாய் ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் அறைக்கு ரொட்டி கொண்டுவருகிறாள். "நீங்க ஒருத்தராவது உண்மையச் சொன்னீங்களே அண்ணே," என்பாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள். அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் திருத்திச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் வாயைத் திறப்பேன். ரொட்டியைப் போட்டு மூடிக்கொள்வேன்.

இன்றைக்கும் வியாழன். மாடிப்படியில் அவள் காலடி கேட்டது. திறக்கப் போனேன்.

என் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எப்போதுமே கிடையாது.

இப்போது இருந்தது. என் திருகாணிகள், என் முடுக்கு. மேலே வெள்ளையாக உறைபனி. போட்டிருந்தது.

"அண்ணே, நான்தான். தெறங்க," என்றாள் பெகிமாய் வெளியே.

டக். டக். டக்.

அந்தச் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து வந்தது.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் காதில் விழும். வாயைத் திறந்தேன்.

வந்தது கல்யாணப் பாட்டு.

முழுசாகப் பாடி முடித்தேன். வெளியே பெகிமாய் மறுபடி திறக்கச் சொல்லவில்லை. என் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"இன்னொன்னு."