ஐந்து பத்துக்கு எழுதிய எண்

மாலை 6.20. கணக்குப் பேராசிரியர் கதவுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பார்த்தபடியே நாற்காலியில் செத்திருந்தார். வலது கையில் சாக்பீஸ். தலையணையால் முகத்தை அமுக்கியிருக்கிறார்கள், மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்தது, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

பலகையில் இப்படி இருந்தது:

482 917 360 528 743 619 209
பகா எண். உறுதி. மாலை 5.10.

வாசலில் நின்றபடியே பெண் இன்ஸ்பெக்டர் அதை வாசித்தார். அறையில் எல்லாம் அடங்கிப்போயிருக்க, அந்த எண் மட்டும் இன்னும் விழித்திருந்தது.

"அஞ்சு பத்துக்கு அண்ணன் உயிரோட இருந்திருக்காரு," என்றான் பேராசிரியரின் தம்பி, வாட்சின் தோல்வாரை இழுத்துவிட்டபடி. "நான் நாலு மணிக்கே கிளம்பிட்டேன். ஆறு வரைக்கும் கேரம் கிளப், பத்துப் பேரு சாட்சி. வீட்ல அண்ணி மட்டும்தான்."

அண்ணி சுவரோடு சுவராக நின்றாள். கணவனைப் பறிகொடுத்த அன்றே ஜீப்பிலும் ஏறப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

"அஞ்சு மணிக்கு. கதவைக் கொஞ்சமாத் திறந்து ஸ்டூல்ல டீ வச்சேன். பொண்ணு நாளைக்கு வராளாம்னு சொன்னேன். கணக்குல உக்காந்துட்டா அவரு பதிலே சொல்ல மாட்டாரு."

"பலகையில எண் இருந்துச்சா?"

"கண்ணாடி போடலைங்க. வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது."

"எழுதற சத்தம் கேட்டுச்சா?"

"மூணே முக்காலுக்குக் கேட்டுது. தம்பி உள்ளதான் இருந்தாரு. அப்புறம் ஒண்ணும் கேக்கலை."

"அவரு வழக்கமா இப்படித்தான் எழுதுவாரா?"

"எந்த எண்ணைப் பாத்தாலும் உடனே அதோட இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாப்பாரு. எங்க கல்யாணத் தேதியையே கூட்டிட்டு, 'சே, மூணால வகுபடுதே'ன்னு மூஞ்சியைச் சுளிச்ச மனுஷன்."

இன்ஸ்பெக்டர் பலகையருகே போய் உதடு அசையக் கூட்டினார். சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் கூட்டினார்.

"தொண்ணூத்தாறு. மூணால வகுபடும். இலக்கங்களோட கூட்டல் வகுபட்டா முழு எண்ணும் வகுபடும். பகா எண்ணுன்னா ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடவே கூடாது. முப்பது வருஷம் எண்ணோடவே குடித்தனம் நடத்தினவரு இதைப் போய் உறுதின்னு எழுதுவாரா? கணக்கு தெரியாத யாரோ கைக்கு வந்ததைக் கிறுக்கியிருக்காங்க."

"அண்ணியே எழுதியிருக்கலாமே?"

"அவங்க எழுதினா, வீட்ல தான் மட்டும் இருந்த நேரத்தையா போடுவாங்க? அஞ்சு பத்துங்கறது நாலு மணிக்குக் கிளம்பினவரை மட்டும்தான் காப்பாத்துது. மூணே முக்காலுக்கு எழுதினது நீங்க. அப்பவே உங்க அண்ணன் உயிரோட இல்லை. வாட்சைக் கழட்டுங்க."

தோல்வாரின் அடியில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. வீட்டை விற்க அண்ணன் கையெழுத்துப் போட மறுத்ததை அவன் ஜீப்பில் ஏறும்போது முனகினான்.

ஸ்டூலில் டீ ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அஞ்சு மணிக்கு," என்று மெல்லக் கேட்டாள், "பொண்ணு வராள்னு நான் யாருகிட்டங்க சொன்னேன்?"