சதுப்புக்காவலனின் குரல்

அந்த அலறலுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது.

இருக்கக் கூடாத மூச்சு. அவள் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். திரையில் பச்சையும் சாம்பலும் கலந்த சதுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சற்று நேரத்தில் அது கொப்பளித்தது. தலையில் பாசியும் கையில் துருப்பிடித்த கோடரியுமாகச் சதுப்புக்காவலன் மறுபடி எழுந்து வந்தான். அவள் மவுஸை அமுக்கினாள். ஆட்டத்தில் அவளுடைய வீரனின் வாள் இறங்கியது. அவன் அலறி, மண்டியிட்டு, சேற்றில் கரைந்து போனான். இந்த முறை மூச்சு இல்லை. வழக்கமான அலறல்தான்.

வழக்கமான அலறல் என்றால், அவளுடைய புருஷனின் குரல்.

அவன் அந்த கேம் கம்பெனியில் ஒலி அமைப்பாளனாக இருந்தான். கத்தி உரசுவது, கதவு முனகுவது, மிருகம் உறுமுவது எல்லாம் அவன் கைவேலை. சதுப்புக்காவலனின் சாவை மட்டும் வீட்டிலேயே பதிவு செய்தான். பீரோவிலிருந்த துணிகளை ஒதுக்கி, சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டு, ஆறடி உடம்பை அதற்குள் மடக்கி உட்கார்ந்துகொண்டு விதவிதமாகச் செத்தான். வெளியே மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிக்காதடி, சாகறவனுக்கு மூடே போயிடுது" என்று போர்வைக்குள்ளிருந்து அதட்டினான். கடைசியில் தேறியது நான்கு அலறல்கள். நான்கும் அவளுக்கு மனப்பாடம்.

ஆட்டம் வெளியாகிக் கொஞ்ச நாளில், மழை பெய்து வழுக்கிய சாலையில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. "வலியே தெரிஞ்சிருக்காதும்மா, ஒரு நொடிதான்" என்றார் டாக்டர். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல அந்த ஒரு வாக்கியத்தைத் தடவிக்கொண்டுதான் அவள் இத்தனை மாதம் நடந்து வந்திருந்தாள்.

அவளும் அதே கம்பெனிதான். ஆட்டங்களைச் சோதிக்கிற வேலை. காவலனைக் கொன்றால் 'நிலாச்சில்லு' என்றொரு வெள்ளைக் கல் எப்போதாவது கீழே விழும். அது எத்தனை கொலைக்கு ஒரு தடவை விழும் என்கிற டிராப் ரேட்டை கம்பெனி வெளியே சொல்வதில்லை. ஆட்டக்காரர்களோ, மாதக்கணக்கில் கொன்றும் விழவில்லை, ஏமாற்றுகிறீர்கள் என்று திட்டித் தீர்த்தார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரரைப் போலக் கையாலேயே கொன்று கொன்று பார்த்துச் சொல்ல வேண்டும். டிராப் ரேட்டைக் கவனிக்கிற பையனைக் கம்பெனியில் எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் போனில் தயங்கினான்.

"அக்கா, அது அண்ணனோட குரலாச்சே. நான் வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"பரவால்ல, நானே பாக்கறேன்."

அந்தக் குரலுக்காகத்தான் கேட்கிறாள் என்று அவனிடம் சொல்லவில்லை.

வெளியே நாள் பூராவும் மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல் திரையின் ஈர வாடையும், சூடேறிய கணினியின் தூசி வாடையும், பாதி திறந்த பீரோவிலிருந்து இன்னும் துவைக்காத அவன் சட்டைகளின் மெல்லிய வியர்வை வாடையும் ஒன்றோடொன்று கலந்து, அறை முழுக்க யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல இருந்தது. அவள் கொன்றுகொண்டே இருந்தாள். கொன்றாள் என்பதை அவள் மனம் ஏற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் அந்த மூச்சு திரும்ப வந்தது. வெடுக்கென்று உள்ளே இழுக்கிற மூச்சு. அதன் பின்னாலேயே ஒரு சொல்.

"அம்மா!"

சேற்றின் மேல் வெள்ளையாக ஒரு கல் விழுந்து மினுங்கியது. முதல் நிலாச்சில்லு.

அவள் கல்லைப் பார்க்கவில்லை. அவன் அப்படி ஒரு அலறலைப் பதிவு செய்யவே இல்லை. "அம்மான்னு கத்தேன், நல்லா இருக்கும்" என்று அன்றைக்கு அவள்தான் சொன்னாள். "அது சேத்துல இருக்கற பூதம்டி, அதுக்கு ஏது அம்மா?" என்று சிரித்துவிட்டான்.

தாடியைக் கூப்பிட்டாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். "ஃபைல் நாலுதான் இருக்கு அக்கா. யாரும் கை வைக்கல. நீங்க ஒழுங்கா தூங்குனீங்களா?"

ஒருவேளை ஹெட்போன் கோளாறோ என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கட்டும் என்று கூட்டியும் வைத்தாள். வெகுநேரம் பழைய அலறல்களே வந்தன. பிறகு, அந்த மூச்சு.

"அம்மா!"

முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. திரும்பினாள். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள்.

அத்தை, அவனுடைய அம்மா. பிள்ளை போன நாளிலிருந்து பக்கத்து அறைக் கட்டிலின் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வரும். அழைப்பு மணி அடித்தால்கூட அத்தைக்குக் கேட்காது.

"யாரு கூப்பிட்டது?" என்றாள் அத்தை.

"யாரும் இல்ல அத்தை. வேலை. கம்ப்யூட்டர் சத்தம்."

"எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?" அத்தை தட்டுத்தடுமாறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லு."

அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. மவுஸை அமுக்கினாள்.

அன்று மாலை அத்தை ஒரு தட்டு சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மறுநாள் தலை வாரிக்கொண்டு, துவைத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு முன்பே வந்து கணினியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். 'அம்மா' வந்து ஒரு கல் விழும்போதெல்லாம் "ம்ம்… சொல்லுடா" என்று பதில் சொன்னாள். வராத நேரத்தில் பிள்ளையின் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனானே, அந்தக் கதை. இரண்டு பேரும் சிரித்தார்கள். செத்த வீடு என்றிருந்த வீட்டில் திரும்பவும் பேச்சுச் சத்தம் கேட்டது. எப்படி நிறுத்துவாள்? ஒருநாள் விரல் மரத்துப்போனபோது, அத்தையின் சுருங்கிய கையைப் பிடித்து மவுஸின் மேல் அவளே வைத்தாள். "இங்க அமுக்குங்க அத்தை. அவ்வளவுதான்." அத்தையின் விரல் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகுதான் காவலன் மாறத் தொடங்கினான்.

முதலில் கோடரியை ஓங்குவதை நிறுத்தினான். எழுந்து வருவான், அப்படியே நிற்பான், வெட்டு வாங்கிக்கொள்வான். இன்னொரு நாள் கோடரியே இல்லாமல் வந்தான். பிறகு, எதிரே வாளோடு நிற்கிற வீரனைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பி, திரைக்கு வெளியே பார்த்தான். பாசிக்குக் கீழே கண் இருக்கிற இடத்தில் வெறும் நிழல்தான் வரைந்திருந்தார்கள். ஆனாலும் பார்த்தான். தன் கன்னத்தில் அந்தப் பார்வையின் கனத்தை அவள் உணர்ந்தாள். கைகளிரண்டையும் தூக்கி, உள்ளங்கையை வெளியே காட்டினான். அப்படி ஓர் அசைவு அந்த ஆட்டத்திலேயே கிடையாது.

மூச்சை இழுத்தான். வாள் இறங்கியது.

"அம்மா!"

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த மூச்சு என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அடி விழப்போகிறது என்று தெரிந்தவன் இழுக்கிற மூச்சு. முன்னாலும் அடி வாங்கியவன். போன தடவையை மறக்காதவன்.

டாக்டர் சொன்ன ஒரு நொடி இல்லை.

"போதும் அத்தை," என்றாள். "அவர் கூப்பிடல. வலியில கத்தறாரு."

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பேசாம இரும்மா. அம்மான்னு கூப்பிட்டா எனக்குத் தெரியாதா?"

அவள் கணினியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தாடிக்குப் போன் போட்டாள். ஆட்டக்காரர்கள் இன்னும் புகார் சொல்கிறார்களா என்று கேட்டாள்.

"அதையேன் கேக்கறீங்க? இப்ப எல்லாருக்கும் கல்லு விழுதாம். நாங்க டிராப் ரேட்ட மாத்தவே இல்ல, எப்படின்னு தெரியல. கும்பல் கும்பலா சதுப்புல நின்னுக்கிட்டு, அவன் தலை தெரிஞ்ச உடனே அடிக்கறாங்க. குரலு சூப்பரா இருக்குன்னு வேற சொல்றாங்க. அண்ணன் கேட்டிருந்தா…"

எத்தனை வீடுகள். எத்தனை திரைகள். இப்போதும். இந்த நொடியிலும்.

மறுநாள் மழையோடு ஆபீசுக்குப் போனாள். தாடியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "அவன எடுத்துடு. குரல மட்டும் இல்ல. முழுசா. எல்லா எடத்துலேர்ந்தும்" என்றாள். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்ல முயன்றபோது அழுகை முந்திக்கொண்டது. தாடி சுற்றுமுற்றும் பார்த்தான். தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டான்.

"மேனேஜர் என்னத் திட்டட்டும், நான் வாங்கிக்கறேன். நீங்க உக்காருங்கக்கா."

தட்டினான், பார்த்தான், மறுபடி தட்டினான். பிறகு அவளுக்கு நேராகத் திரையைத் திருப்பிச் சதுப்பு நிலத்தைக் காட்டினான். அங்கே யார் யாரோ ஆட்டக்காரர்கள் வாளோடு காத்து நின்றார்கள். தண்ணீர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியில் வெறும் தண்ணீர்.

"இனி எங்கயும் இல்ல அக்கா. குரலையும் அழிச்சிட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வழி முழுக்க அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படி அழவில்லை. அப்போது யாரோ அவனைப் பறித்துக்கொண்டார்கள். இன்றைக்குத் தன் வாயால் கேட்டு, தன் கண்ணெதிரே அனுப்பிவைத்திருக்கிறாள். இனி அந்தக் குரல் எந்த மூலையிலும் இல்லை. ஆனால் வலியும் இல்லை. போய்ச்சேர்ந்துவிட்டான். அத்தையிடம் எப்படிச் சொல்வது? மடியில் படுக்க வைத்து, மெதுவாக, நாளைக்கு.

வீட்டுப் படியேறும்போது மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம். எங்கோ ஒரு குழாய் ஒழுகும் சத்தம். அத்தை விளக்குப் போடவில்லை போலிருக்கிறது. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. சாவியைத் துழாவினாள்.

உள்ளே ஒரு மூச்சு.

"அம்மா!"

சாவி கீழே விழுந்தது. குனிந்து தேடினாள். எடுத்தாள். பூட்டில் நுழையவில்லை. நுழைந்தது.

"அம்மா!"

கூடம் இருட்டு. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து நீல வெளிச்சம். சேற்று வாடை. வியர்வைச் சட்டை வாடை இல்லை, பீரோ வாடை இல்லை. சேறு.

"அம்மா!"

இடைவெளியே இல்லை இப்போது. பழைய அலறல்கள் ஒன்றுகூட இல்லை. அது மட்டும். அது மட்டுமே.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டி. திரையின் ஓரத்தில், இணைப்பு இல்லை என்கிற சிவப்பு எழுத்து. அதன் கீழே சதுப்பு. தண்ணீர் தெரியவில்லை. நிலாச்சில்லுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, வெள்ளை வெளேரென்று. அந்தக் குவியலின் நடுவே அவன். எழுந்து நிற்கவில்லை. எழ நேரமில்லை. முழங்காலில் கிடந்தான். பாசி எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. பாசிக்குக் கீழே வரையப்படாத முகம் இப்போது இருந்தது.

அந்த முகம் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தையின் தோளுக்கு மேலாக, வாசலில் நின்ற அவளைப் பார்த்தது.

"அத்தை," என்றாள். சத்தம் வரவில்லை.

அத்தைக்கு எப்படியோ கேட்டது. திரும்பினாள். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை. கண்ணீர் தாடை வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியாம்மா? இங்க வா, பாரு," என்றாள் அத்தை. "இப்பல்லாம் நான் அமுக்கவே வேண்டாம். வெரலத் தூக்கினாலே கூப்பிடறான்."

அத்தை விரலைத் தூக்கிக் காட்டினாள். திரையில் அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, சில்லுகளின் மேல் சுருண்டு, மூச்சை இழுத்தான்.